சூறாவளி என்கிற பன்னிரண்டு வயதுப் பையன்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வலது கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில், ஓட்டுகிறவருக்கு அடுத்த இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். எதிரே லாரி வரும்போது கற்றுக்கொள்ள வந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் அதை அழுத்துவார். வருஷக்கணக்கில் அழுத்திப் பழகிய அந்தக் கால், பிரேக் இல்லாத இடத்திலும் அழுத்தத் தொடங்கிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்தால் அழுத்தும். டிவியில் யாராவது காரில் யாரையாவது துரத்தினால் அழுத்தும். எதிர்வீட்டுக்காரர் பல்பு மாட்ட ஸ்டூல் மேல் ஏறுவது ஜன்னல் வழியே தெரிந்தால், இங்கே சோபாவில் இருந்தபடியே தரையை ஒரு மிதி மிதிப்பார். வீட்டுக் காரை ஓட்டுவது மனைவி. அதில் இவர் பக்கத்து மிதியடி மட்டும் நைந்து ஓட்டையாகி, மாற்றியும் மறுபடி ஓட்டையாகிவிட்டது.

இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைக் கிண்டல் செய்ய அடுத்தவருக்கு வாய்ப்பே கொடுப்பதில்லை. முந்திக்கொண்டு தானே செய்துவிடுவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதுதான் அவருடைய திடீர் சோதனை.

வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவருக்கு மெல்லத் தைரியம் வந்து, பாட்டு கூட முணுமுணுக்க ஆரம்பித்திருப்பார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் டேஷ்போர்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்து, "குழந்தை!" என்று கத்துவார். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பிரேக் போட்டு வண்டியை நிறுத்தினால் பாஸ். ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு அம்மா அழுதே விட்டார். எத்தனை பேர் திட்டினாலும் மாஸ்டர் அந்த வழக்கத்தை விடவில்லை. முன்கூட்டியே சொல்லி வைக்கும் பரீட்சையில் யாருடைய லட்சணமும் தெரியாது என்பது அவர் கட்சி.

அவருக்கு ஒரே மகள், பதினொரு வயது. மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பெரிய பொறுப்பு கிடைத்து, அதற்காகக் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வீடு மாறி வந்தார்கள். அதில் அடி வாங்கியது மகள்தான். பழைய பள்ளியில் அவளுக்கு உயிர்த் தோழி ஒருத்தி இருந்தாள். எதையும் நிதானமாகச் செய்வாள் என்பதால் ஆமை என்று பட்டப்பெயர். அவளைப் பிரிந்து வந்த பிறகு மகள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள், கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். புது வீட்டு வாசல் கதவுக்கு வண்ணம் பூசும் வேலையை அப்பாவும் மகளும் சேர்ந்து செய்ததுதான் அந்த மாதங்களில் அவள் சிரித்த ஒரே நாள். கடைக்காரர் கலவையைத் தப்பாகக் கலந்து கொடுத்ததில் கதவு கிளிப்பச்சையாகிவிட்டது. தெருவில் மற்ற எல்லாக் கதவும் பழுப்பு. நம் வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று அவளுக்கு அதில் ஒரே பெருமை.

பிறகு ஆமைதான் வழி கண்டுபிடித்தாள். பல பேர் சேர்ந்து ஆடும் ஒரு ஆன்லைன் விளையாட்டு. கடலுக்கு நடுவில் ஒரு தீவு. பாலம் போடுவது, படகு கட்டுவது, புயல் வந்தால் எல்லோரும் சேர்ந்து கரையைக் காப்பாற்றுவது. மகள் அதில் மின்மினி என்ற பெயரில் இருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் டேப்லெட்டோடு உட்கார்ந்தால் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பைக் கேட்க ஆசை, டேப்லெட்டைப் பார்க்கப் பயம். எனவே விளையாட்டை அனுமதித்த அன்றே விரலை ஆட்டிச் சட்டம் போட்டார். ஏதாவது ஒரு வம்பு வந்தது என்று காதில் விழுந்தால் போதும், அன்றோடு லைசென்ஸ் கேன்சல். மகள் தலையாட்டினாள்.

ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் அந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதில்தான் இருந்தார்கள். பல் டாக்டர் அம்மா ஒருவர், முகம் தெரியாத ஆட்கள் பிள்ளைகள் வேஷத்தில் உள்ளே வந்து சிநேகம் பிடிக்கிறார்கள், அதை ஒட்டுமொத்தமாகத் தடுத்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்றார். செல்போன் கடை வைத்திருக்கும் அப்பா ஒருவர், அது மூளைக்கு நல்லது, சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிறது என்றார். அவர் கடையில் டேப்லெட்டும் விற்பதால் யாரும் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொன்னால், அதை வைத்து எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் எழுந்தார். பாதுகாப்பு என்பது என் தொழில் என்றும், ஆபத்தைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவேன் என்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கைதட்டல்கூடக் கிடைத்தது.

வீட்டில் மனைவி கைதட்டவில்லை.

"இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஏற்பாடு? அவ பக்கத்துல உக்காந்து எனக்கும் காட்டுன்னு கேளுங்க. காட்டுவா."

"இன்ஸ்பெக்டர் பக்கத்துல இருந்தா எல்லாருமே ஒழுங்காத்தான் ஓட்டுவாங்க," என்றார் மாஸ்டர்.

மறுநாள் பள்ளி விடுமுறை. மதியம், பயிற்சி மைதானத்து மர நிழலில் வண்டியை நிறுத்தி, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, போனில் அந்த விளையாட்டுக்குள் நுழைந்தார். வயது பன்னிரண்டு என்று பதிந்தார். பெயர்தான் சிக்கல். பையன்கள் வைத்துக்கொள்ளும் பெயராக, துடிப்பாக இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் சூறாவளி என்று வைத்தார். அந்தச் சூறாவளி நடந்த நடையை என்ன சொல்ல? மற்றப் பிள்ளைகள் குதித்தும் உருண்டும் போகிற தீவில், இவன் பாதையின் ஓரமாக மட்டும் நடந்தான். ஒவ்வொரு முக்கிலும் நின்றான். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். வண்டியே இல்லாத தீவில் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு கடந்தான்.

எந்தக் குழுவும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் தனியாக நின்றவனைப் பார்த்துப் பாவப்பட்டு உள்ளே அழைத்துப் போனது மின்மினிதான். மாஸ்டருக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் திக்கென்றது. முன்பின் தெரியாத தடியனை இவள் இப்படியா நம்புவாள் என்று காலை அழுத்தினார். சாப்பாட்டு டப்பா கவிழ்ந்தது.

சனி, ஞாயிறு என்று விடுமுறைகள் சேர்ந்து வந்தன. சூறாவளி தினமும் தீவுக்குப் போனான். மின்மினி அவனுக்குப் பாலம் போடக் கற்றுக்கொடுத்தாள். அவன் போட்ட பாலம் விழுந்தது. பரவாயில்லை, இன்னொரு தடவை போடு என்றாள். மறுபடி விழுந்தது. மறுபடியும் அதையே சொன்னாள். தன் வண்டியில் கியர் மாற்றத் திணறுகிறவர்களிடம் தான் எப்படிக் குரைப்போம் என்பது மாஸ்டருக்கு ஞாபகம் வந்து காது சூடானது. புயல் வரும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவள்தான் பிரித்துக் கொடுத்தாள். குழுவில் ஒரு பொடியன் தன் படகு உடைந்துவிட்டது என்று மூக்கால் அழுதபோது, ஆமையும் மின்மினியும் தங்கள் பலகைகளைக் கொடுத்து அவனுக்கு வேறு படகு கட்டினார்கள். பள்ளியில் யாரிடமும் வாய் திறக்காத பெண் என்று டீச்சர் சொன்னாரே, அது இவளைப் பற்றியா என்று மாஸ்டர் வியந்தார்.

இதற்கிடையில் அவருக்கே விளையாட்டுப் பித்துப் பிடித்தது வேறு கதை. தனக்கென்று கட்டிய படகைக் கரையில் விடும்போது, பின்பக்கமாகக் கொண்டுவந்து, இரண்டு படகுகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளியில், அலுங்காமல் குலுங்காமல் நிறுத்துவார். தீவில் வேறு யாரும் படகை அப்படி நிறுத்துவதில்லை. முட்டி நின்றால் போதும் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சூறாவளிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பாலத்தை முடிப்பதற்காக, கற்றுக்கொள்ள வந்த வங்கி அதிகாரி ஒருவரை மைதானத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். அந்த மனிதர் தலை சுற்றுகிறது என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

பெற்றோர் கூட்டம் நெருங்கியது. மாஸ்டருக்கு, வந்த வேலையே மறந்துபோனது உறைத்தது. நல்லது எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆபத்து வந்தால் மகள் என்ன செய்வாள் என்பது தெரிய வேண்டாமா? டேஷ்போர்டில் ஒரு அடி அடிக்க வேண்டியதுதான்.

மாலையில், மின்மினி தனியாகப் பலகை அடுக்கிக்கொண்டிருந்த நேரம், சூறாவளி சாட்டில் ஆரம்பித்தான். எந்தப் பள்ளி என்று கேட்டான். சொல்ல மாட்டேன் என்று பதில் வந்தது. தங்கத் துடுப்பு ஒன்று தருகிறேன், ஒரு போட்டோ அனுப்பு என்றான். வேண்டாம் என்றாள். நாம் பேசுவதை வீட்டில் சொல்லாதே என்றான். பதில் இல்லை. மாஸ்டர் மைதானத்து மரத்தடியில் உட்கார்ந்து பூரித்துப் போனார். அடடா, எப்படி நிற்கிறாள் பார்! அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் பழக்கதோஷம், நன்றாக ஓட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு கிடுக்கிப்பிடி போடாமல் அவர் விடமாட்டார். எனவே இதையும் தட்டிவிட்டார்: "எனக்குத் தெரியும். பச்சைக் கதவு வீடுதானே?"

மின்மினி மறைந்துவிட்டாள். அடுத்த நொடி சூறாவளியின் திரையும் அணைந்தது. பிற விளையாட்டாளரின் புகாரின் பேரில் இந்தக் கணக்கு முடக்கப்பட்டது என்று எழுத்து வந்தது. புகார் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். மாஸ்டர் தொடையைத் தட்டி, "பாஸ்!" என்றார். வண்டிக்குள் கிளட்ச்சோடு போராடிக்கொண்டிருந்த மாணவர், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர், மகள் ஓடிவந்து நடந்ததைச் சொல்வாள், முதுகில் தட்டிக்கொடுக்கலாம் என்று காத்திருந்தார். அவள் வரவில்லை. டேப்லெட் அலமாரியில் இருந்தது. மறுநாளும் அங்கேயே இருந்தது. பள்ளிவிட்டு நடந்து வருகிறவள், அம்மாவை வந்து கூட்டிப்போகச் சொன்னாள். வாசல் மணி அடித்தால் எழுந்து உள்ளறைக்குப் போனாள். படிப்பில் கவனம் திரும்பியிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்தார். அவ்வளவு விவரம் அவருக்கு.

சனிக்கிழமை காலை, மூவரும் மேஜையில் இருக்கும்போது மகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நம்ம கதவுக்கு வேற கலர் அடிக்கலாமா?"

"ஏன்மா? உனக்குப் பிடிச்ச பச்சையாச்சே."

"சும்மாதான். பழுப்பு அடிச்சிடலாம். எல்லா வீட்டுலயும் பழுப்புதானே."

மாஸ்டரின் கால் மேஜைக்கடியில் தரையை அழுத்தியது. அழுத்திய கால் எழவே இல்லை. எங்கிருந்தோ எவனோ ஒருவனுக்குத் தன் வீட்டுக் கதவு தெரிந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் தனியாக நடுங்கியிருக்கிறது. அந்த எவனோ இங்கே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனதும் பின்னாலேயே போய் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அதற்குள்ளும் ஒரு குறுக்குப் புத்தி: வேறு பெயரில் உள்ளே போய், சூறாவளி சும்மா விளையாட்டுக்குச் சொன்னான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்டார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொரு வேஷமா? போய் நேரா சொல்லுங்க. இப்பவே."

மகள் மேஜையில் வீட்டுப்பாடத்தை விரித்திருந்தாள். மாஸ்டர் எதிரே உட்கார்ந்தார். எத்தனையோ பேருக்கு வண்டியை எடுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்குப் பேச்சை எடுக்கத் தெரியவில்லை. கடைசியில் நேராகவே சொன்னார்.

"சூறாவளி யாருன்னு எனக்குத் தெரியும்மா. நான்தான்."

அவள் முகம் வெளிறியது. பிறகு தலையை ஆட்டினாள். "நான் பயப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. அம்மா எதையோ கண்டுபிடிச்சு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க."

எவ்வளவு சொன்னாலும் அவள் நம்பவில்லை. கணக்கைத் திறந்து காட்டலாம் என்றால் அதுவோ முடங்கிக் கிடந்தது. தன் சொந்த மகளிடம் தான்தான் அயோக்கியன் என்று நிரூபிக்கக் கையில் சான்று இல்லாமல் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் அழிப்பானை எடுத்தார். அதை மேஜை மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். புத்தகத்தின் முனையில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்பக்கமாக வளைத்துக் கொண்டுவந்து, பென்சில் பெட்டிக்கும் அளவுகோலுக்கும் நடுவில் அலுங்காமல் ஒட்டி நிறுத்தினார்.

மகள் அழிப்பானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான்," என்றாள். அதற்கப்புறம் அழுதாள். பயத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது. அளவுகோலைத் தூக்கித் தரையில் எறிந்தாள். மாஸ்டர் குனிந்து எடுத்து வைத்தார். மறுபடி எறிந்தாள். மறுபடி எடுத்து வைத்தார்.

"நீ ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டார். கேட்டபோதே அந்தக் கேள்விக்குத் தனக்குத் தகுதியில்லை என்பது தெரிந்தது.

"சொல்லணும்னு தினமும் நினைச்சேன். சொன்னா லைசென்ஸ் கேன்சல்னு சொன்னீங்கல்ல? அப்புறம் ஆமைகூட எப்படிப் பேசறது?"

மாஸ்டருக்கு அவமானமாக இருந்தது. நினைத்துச் சிரிக்கக்கூடிய அவமானம் இல்லை அது. மகளுடைய வண்டிக்குப் பிரேக் வைத்ததாக நினைத்து, ஆபத்து வரும்போது அவள் அப்பாவைக் கூப்பிடும் வாயைத்தான் அடைத்து வைத்திருக்கிறார். தப்பு என்னுடையது, அந்தச் சட்டம் இன்றோடு ஒழிந்தது, என்ன நடந்தாலும் வந்து சொன்னதற்காக எதுவும் பறிபோகாது என்றார். மகள் அன்று முழுவதும் அவரிடம் பேசவில்லை. சாயங்காலம் மட்டும் அறை வாசலில் நின்று, கதவுக்குப் பழுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெற்றோர் கூட்டத்தில் மாஸ்டரை முதலில் பேசச் சொன்னார்கள். முகம் தெரியாத ஆள் யாராவது உள்ளே இருந்தார்களா என்று பல் டாக்டர் அம்மா கேட்டார்.

"ஒருத்தன் இருந்தான். பன்னிரண்டு வயசுன்னு பொய் சொன்னான், என் பொண்ணுகிட்ட போட்டோ கேட்டான், எங்க வீட்டுக் கதவு கலர் வரைக்கும் சொன்னான். அவன்தான் இப்ப உங்க முன்னாடி பேசிட்டிருக்கான்."

மாஸ்டர் அசடு வழிந்துகொண்டே ஒன்று விடாமல் சொன்னார்: விழுந்த பாலத்தை, அழுத பொடியனுக்குக் கட்டிக்கொடுத்த படகை, தன் மகள் அங்கே தலைவியாக இருந்ததை. தான் இவ்வளவு சுலபமாகப் பையனாக நுழைந்ததையும், தன்னைவிடக் கெட்டிக்கார அயோக்கியன் இன்னும் சுலபமாக நுழைவான் என்பதையும் மறைக்கவில்லை. செல்போன் கடைக்காரர் பொறுமையிழந்து, விடலாமா நிறுத்தலாமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

"வண்டி ஓட்டலாமான்னு என்கிட்ட யாராவது கேட்டா, ஓட்டறது யாரு, எந்த ரோடு, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு கேப்பேன். இதுக்கும் எனக்கு வேற பதில் தெரியல. ஒண்ணு மட்டும் செய்யுங்க. வம்பு வந்தா பிடுங்கிடுவேன்னு சொல்லி வச்சிருந்தா, இன்னைக்கே போய் அதை வாபஸ் வாங்குங்க."

பல் டாக்டர் அம்மா தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டு, நானும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். தடை போடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததில் கூட்டம் நீண்டுகொண்டே போனது.

மகள் சில வாரம் கழித்துத்தான் டேப்லெட்டை எடுத்தாள். அப்பா பக்கத்தில் உட்காரலாம், ஆனால் ஒரு பட்டனையும் தொடக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். பிறகு மனமிரங்கி, அவருக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். நிஜ வயது, நிஜ உறவு எல்லாம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆமை அவருக்கு பிரேக் மாமா என்று பெயர் வைத்தாள். பலகை சுமப்பது அவர் வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்து, சொன்ன இடத்தில் பலகையை இறக்கினார். புயல் வந்தால் கால் தரையை மிதிக்கும். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா, கால்," என்பாள்.

ஒரு மாலையில் பலகை சுமந்துகொண்டிருக்கும்போது, மகளின் கை சட்டென்று நின்றது. புதிதாகக் குழுவுக்குள் வந்த ஒருவன் அவளிடம் தனியாகப் பேசத் தொடங்கியிருந்தான். மாஸ்டரின் கால் பாதி எழுந்தது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தார். அவள் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதப் பாருங்கப்பா. இவன் போட்டோ கேக்குறான். நீங்க இல்லதானே?"

"நான் இல்லம்மா."

அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி, அந்த ஆளின் மேல் புகாரை அழுத்தினாள்.